முறம் எடுத்த நாள்

முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஜார் ரோட்டில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். காயல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கிற மழை. குடை இருந்தாலும் இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். என்னிடம் குடை இல்லை, அம்மாவின் முறம் இருந்தது. அதில் மெழுகியிருந்த சாணமும் வெந்தயமும் கரைந்து என் கழுத்தில் வழிந்தன. அதையும் மழை என்றே நினைத்துத் துடைத்துக்கொண்டேன். அரிசிக் கடை வாசலில் ஒதுங்கி நின்ற சுமைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "டா, வீடு தலையிலா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வயது. கெட்டிக்காரத்தனமான காரியம் ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறேன் என்ற நினைப்பு.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ இடங்களைவிட்டு நடந்து போயிருக்கிறேன். கோட்டயத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் இடம், ஆலப்புழையில் கயிற்றுப் பட்டறை, அப்புறம் கோயம்புத்தூர், ஈரோடு. எங்கேயும் யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. போக வேண்டிய நாள் வந்தால் அது தானாகத் தெரிந்துவிடும். அந்த அறிவு எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அம்மா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் புடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். முப்பது பெண்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மலையிலிருந்து வருகிற மிளகைப் புடைத்துக் காம்பும் பொக்கும் தூசியும் பிரிப்பார்கள். அம்மாவின் தலைமுடியில் எப்போதும் மிளகு வாசனை அடிக்கும். பக்கத்தில் படுத்தால் தும்மல் வரும். அப்பா துறைமுகத்தில் ஆள் எடுக்கிற அன்று மட்டும் வேலை செய்தவர். மங்களூரில் நிரந்தரமாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு முந்தின வருஷம் போனார். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை. நாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். ஊரில் எங்களுக்கு என்று எதுவும் மிச்சமில்லை.

கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. முறம் அவரவருடையது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் முறத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். உள்சுவரில் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். சுவரில் முறம் இருந்தால் நாளைக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் போன பிறகு கிடங்கு மேஸ்திரி மூப்பன் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். சரக்குக் குறைவு என்றால் நாலோ ஐந்தோ முறங்களை இரண்டு விரலால் தூக்கி வெளி வராந்தாவில் வைத்துவிடுவார். காலையில் வருகிறவள் தன் முறம் வெளியே இருப்பதைப் பார்ப்பாள். எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாள். அல்லது இறவாரத்தின் கீழ் வேலைக்குக் காத்து நிற்கிற மற்றப் பெண்களோடு போய் நிற்பாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர் எதையும் சொல்லியிருக்க மாட்டாரே.

மூப்பன் சாதுவான மனிதர். வெள்ளைச் சட்டை, பின்கழுத்துக் காலரில் மாட்டிய குடை. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கொடி பிடிக்கிறவர்கள் எப்போதாவது வந்து, வேலையைவிட்டு யாரையாவது நிறுத்தினீர்களா என்று கேட்டால், "ஞான் ஆரையும் வரண்டாண்ணு பறஞ்சிட்டில்ல" என்பார். உண்மைதான். வர வேண்டாம் என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. சுமைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. புடைக்கிறவர்களுக்கு முறம் இருந்தது.

சில சமயம் முறத்தின் சொந்தக்காரியே அதை எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. பிள்ளைப்பேறுக்குப் போகிறவள், ஊரோடு போய்விடுகிறவள், கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறவள். முறத்தை எடுத்துவிட்டாள் என்றால் வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். சுவரில் அந்த இடம் காலி. வெளியே நிற்கிறவர்களில் யார் முதலில் மூப்பன் கண்ணில் படும்படி தன் முறத்தை அங்கே சாய்க்கிறாளோ, இடம் அவளுக்கு.

இந்த வழக்கமெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் கிடங்குக்கு வந்து, அம்மாவோடு வீட்டுக்கு நடப்பேன். அவ்வளவுதான். அன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது அம்மாவின் இடத்தில் ஆள் இல்லை. வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிற சேச்சி ஒருத்தி அம்மாவுக்கு அடுத்து உட்காருவாள். வாய்த்துணியை இறக்காமலே சொன்னாள்: "அம்மைக்குச் சுகமில்லடா தமிழா. உச்சைக்கே போயி. போய் சுக்குக்காப்பி இட்டுக் கொடு." மூப்பனிடம் சொல்லிவிட்டு, முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மத்தியானமே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. பெண்கள் கிணற்றடிக்குக் கைகழுவப் போனார்கள். மழை வலுத்தது. சுவரோரம் அம்மாவின் முறம் இருந்தது. விளிம்பில் என் பழைய நீலக் கால்சட்டைத் துணியை வைத்துத் தைத்திருப்பாள், எனக்கு அடையாளம் தெரியும். காய்ச்சலில் மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

வெளியே இறவாரத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் பக்கத்து அறை அத்தையும் ஒருத்தி. சொந்த அத்தை இல்லை. அம்மாவை அவள் மைனி என்பாள், அதனால் எனக்கு அத்தை. அவள் வீட்டுக்காரர் கைவண்டி இழுப்பவர். மழைக்காலம் வந்தால் வண்டி சுவரோரம் நிற்கும், அவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெண்பிள்ளைகள். அம்மாதான் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, எந்த இடத்தில் நின்றால் மூப்பன் கண்ணில் படலாம் என்று காட்டிக் கொடுத்தாள். விஷுவுக்கு முன்னாலிருந்து தினமும் காலையிலும் வேலை விடும் நேரத்திலும் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

என்னையும் முறத்தையும் பார்த்துவிட்டு அவள் முன்னால் வந்தாள்.

"ஏல, ஒங்கம்மையா எடுத்துட்டு வரச் சொன்னா?"

இல்லை என்றால் திரும்ப வைத்துவிட்டு வா என்பாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன்.

"நெசமாவா? எங்க போறிய?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் பல நாட்களாகச் சொல்லி வந்த ஒன்று வாயில் தயாராக இருந்தது. "அப்பா காயிதம் போட்டுருக்காரு. மங்களூருக்குப் போறோம்."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். "நல்லா இருங்கடே" என்றாள். இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பஜார் ரோட்டில் இறங்கி நடந்தேன்.

அறைக்குள் அம்மா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். முறத்தைத் தலையிலிருந்து இறக்கி அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "எதுக்குல இதத் தூக்கிட்டு வந்த?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். நான் மழை என்றேன்.  போர்வையை அப்படியே தலையில் போட்டுக்கொண்டு, முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். நானும் பின்னால் போனேன். வழியில் ஒருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடங்கின் பெரிய கதவைப் பூட்டியிருந்தார்கள். இறவாரத்தில் யாரும் இல்லை. அம்மா கதவு இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். இருட்டில் என்ன தெரிந்ததோ, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "மைனி, நான் போயிட்டு வாரேன்." அம்மா "சரி" என்றாள். வழக்கம்போல நிற்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். காய்ச்சல் விட்டிருக்கவில்லை. அன்று நான் பள்ளிக்கூடம் போகாமல் அவள் பின்னாலேயே போனேன்.

சுவரில் அம்மாவின் இடத்தில் ஒரு புது முறம் சாய்ந்திருந்தது. இன்னும் சாணம்கூட மெழுகாத முறம். அதன் சொந்தக்காரி அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அம்மா அவளைப் பார்த்தாள். அத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். மங்களூருக்குப் போகிறவள் முறத்தோடு வாசலில் எதற்கு நிற்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. 

அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வைப்பின் சேச்சிதான் பேசினாள். "மூப்பா, மழைக்குத் தலையில் வய்க்கான் இந்தக் குட்டி எடுத்ததாக்கும். இவளுக்கு ஒண்ணும் அறியில்ல."

"ஞான் ஆரையும் போகச் சொல்லியிட்டில்லல்லோ" என்றார் மூப்பன். எங்களோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார். அம்மாவைப் பார்த்து, "முறம் எடுத்தது நீங்ஙள்தானே. இப்போ இடம் இல்ல. நில்லு, பார்க்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. காய்ச்சலாக இருக்கிறதே, கஷாயம் குடி என்றும் சொன்னார்.

அம்மா முறத்தோடு வெளியே வந்தாள். இறவாரத்தின் கீழ் போய் நின்றாள். அத்தை தினமும் நிற்கிற இடத்திலேயே நின்றாள். அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். முன்தானைக்குள் அவித்த கப்பைக் கிழங்கு வைத்திருந்தாள். "மைனி, நீங்க மங்களூருக்குப் போறியன்னு ஒங்க மவன்தான் சொன்னான். அண்ணன் காயிதம் போட்டுருக்காருன்னான். இல்லன்னா நான் வைப்பனா?"

அப்பாவின் பெயரை யாரும் எடுக்காமல் பல மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா என்னைப் பார்த்தாள். "சொன்னியால?"

அத்தையும் பார்த்தாள். இரண்டு பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவின் கண்களில் ஒரு விநாடி வேறொன்றும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே கடிதம் வந்து, நான் வாங்கி எங்காவது வைத்திருப்பேனோ என்கிற ஆசை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அத்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். அம்மா சொன்னாள்: "எடம் வேணும்னா கேட்டு வாங்கியிருக்கலாம்லா. இல்லாத மனுசனோட காயிதத்த எதுக்கு இழுக்க?"

"மைனி, எம்பிள்ளைய மேல சத்தியமா..."

"பிள்ளையள இழுக்காத."

கப்பையை வாசலில் வைத்துவிட்டு அத்தை போனாள். அம்மா அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாய் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை தன் பெண்களை எதற்கோ அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் பிள்ளைகளை அடித்து நான் அதுவரை கேட்டதில்லை. முந்தின நாள்வரை இரண்டு பேரும் அந்தப் பலகை வழியாகவே பேசிக்கொண்டு சமைப்பார்கள். உப்பு கேட்பது, ஊர்க்கதை, வீட்டுக்காரர்களைப் பற்றிய கிண்டல் எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான். அன்றிலிருந்து பலகை பலகையாக மட்டும் இருந்தது. அம்மா அந்த இடுக்கில் ஒரு பழைய காலண்டர் அட்டையைச் செருகினாள்.

மறுநாளும் அவள் நின்றாள். அதற்கு அடுத்த நாளும். எனக்கு வீட்டில் இருக்கவும் முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கவும் முடியவில்லை. பையன்கள் மங்களூர் என்னாயிற்று என்று கேட்டார்கள். படகுத்துறையில் போய் உட்கார்ந்து, வைப்பினுக்குப் போகிற படகில் ஆட்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறுகிற எல்லாருக்கும் இறங்குகிற இடம் ஒன்று தெரிந்திருந்தது. என்னிடம் பேசுவதற்கு யாரும் இல்லை. பேசினால் அந்த ஒன்றைத்தான் பேச வேண்டும், அதை யாரிடமும் பேச முடியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூப்பனிடம் போனேன். கிடங்கின் பின்பக்கம் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, நான்தான் முறத்தை எடுத்தேன், அம்மா எடுக்கச் சொல்லவில்லை, அத்தையிடமும் நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது எனக்கு அன்னே தெரியும் மோனே. நீ தலையில் வச்சு ஓடுந்நது ஞான் கண்டதல்லே" என்றார்.

அவருக்கே தெரியும் என்றால் இனி அம்மாவை உள்ளே விட்டுவிடுவார் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேச்சு வேறு பக்கம் போயிற்று. புதிதாகச் சேருகிறவளுக்கு முதல் மூன்று மாதம் அரைக்கூலிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"நீ எத்ர வரை படிச்சு?"

"அஞ்சு."

"போதும். நாளை முதல் வா. பெருக்கணும், தண்ணி கோரணும், சாயா வாங்கணும். சாயங்காலம் ஞான் கை காட்டுந்ந முறத்தை எடுத்து வெளியில் வய்க்கணும். எனிக்கு நடுவேதனை. குனியான் வய்யா." இடுப்பில் கைவைத்து நெளிந்து காட்டினார். பிறகு, "நீ பறஞ்ச கதை வேற ஆரோடும் பறயண்டா. பெண்ணுங்ஙள் வெறுதே சண்டை பிடிக்கும்" என்றார். மீதிச் சாயாவை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் நின்றுவிட்டு வந்து, ஈரச் சேலையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்திருக்கிறது என்றேன். எல்லா வேலையும் சொன்னேன், ஒன்றுகூட விடவில்லை. அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"பள்ளிக்கூடம்?"

"மழ முடிஞ்சதும் போறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று பாதி மனசு எதிர்பார்த்தது. சொல்லவில்லை. அடுப்பில் உலை கொதிக்க நேரமானது. அதற்குள் போட அரிசி கொஞ்சம்தான் இருந்தது என்பதை நானும் பார்த்தேன். அரிசியைக் களைந்துகொண்டே, "மொறத்த வெளிய எடுத்து வைக்கப் போறது நீயா?" என்று கேட்டாள்.

"ஆமா. அவருக்கு இடுப்பு வலியாம்."

அவள் திரும்பவும் ஊத ஆரம்பித்தாள். புகை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

காலையில் எனக்குத் தலையில் எண்ணெய் வைத்து வகிடு எடுத்துச் சீவிவிட்டாள். சேர்ந்து போகலாம் என்று நின்றேன். நீ பின்னால் வா என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நான் தனியாக நடந்தேன். மழை விட்டிருந்தது. கிடங்குக் கூரைகளில் புறாக்கள் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன.

ஏழு மணிக்குப் பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்தார்கள். வாசலில் பதினைந்து பெண்கள் முறங்களோடு நின்றிருந்தார்கள், கடைசியில் அம்மா. சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். மூப்பன் விஷயத்தை முன்பே அவர்களிடம் சொல்லியிருப்பார் போல. தினமும் என் காதைத் திருகி, எடா தமிழா என்று வம்பிழுக்கிறவர்கள் அன்று ஒருத்தரும் கையை நீட்டவில்லை. என் கைகளைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சேலையை ஒதுக்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்கள். அம்மாவும் மற்றவர்களைப் போலவே ஒதுங்கி நின்றாள். வேலை பார்க்கிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர்களுக்கு நடுவே உள்ளே போய், மூலையிலிருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தேன்.